தொலைபேசிக்கு மாமியின் குரல்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் கமக்காரர் அமைப்புக்கு, சந்தை விலை சொல்லும் தொலைபேசி இலக்கம் ஒன்றை அமைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டபோது இரண்டு நாள் வேலை என்றுதான் நினைத்தேன். சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளின் அன்றைய விலையை ஒருவர் காலையில் கணினியில் பதிவார். அழைப்பவர் 1 ஐ அழுத்தினால் சின்ன வெங்காயம், 2 ஐ அழுத்தினால் பச்சை மிளகாய். அழைப்பை எடுத்துப் பதில் சொல்வதற்கு ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதை நிறுவும் வேலை ஒரு பின்னேரத்தில் முடிந்தது. மிச்ச ஆறு கிழமையையும் குரல் தின்றுவிட்டது.

குரல் மாமியுடையது. ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை, சொல்லை மென்று விழுங்காத ஆள். முதல் பதிவைக் கூடத்தில் எடுத்தோம். சீமெந்துச் சுவர்கள் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லின. வெளியே சோளகக் காற்றில் பனையோலைகள் சலசலத்தன. நல்லூர்த் திருவிழாக் காலம் என்பதால் வீதியிலும் ஓயாத இரைச்சல். கடைசியில் மாமியின் படுக்கையறைக்குள் போய், சேலைகள் அடுக்கிய அலுமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முன்னால் அவரை இருத்தினேன். எதிரொலி அடங்கியது. ஆனால் பின்னணியில் ஓர் உறுமல் நின்றது. 50 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 தடவை அதிரும் மின்சாரத்தின் உறுமல் அது. 100, 150 என்று அதன் மடங்குகளும் கூடவே வந்தன. வேண்டாத அதிர்வுகளை நீக்கும் மென்பொருள் வடிகட்டிகளோடு ஒரு மாலை மல்லுக்கட்டிய பிறகு, மடிக்கணினியின் மின்வடத்தைப் பிடுங்கி மின்கலத்தில் ஓட்டிப் பார்த்தேன். உறுமல் போய்விட்டது. அந்த மாலையை எனக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

பதிவு நொடிக்கு 48,000 மாதிரிகள், அதாவது ஒலியை நொடிக்கு அத்தனை தடவை அளந்து எடுத்த எண்கள். வழக்கமான தொலைபேசி ஏற்பது 8,000. ஆறில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற ஐந்தை எறிந்தால் சரி என்று கணக்குப் போட்டு, நாலு வரியில் நிரல் எழுதினேன். காதில் மாட்டிய தலையணியில் மாமி ‘சந்தை’ என்றார். தொலைபேசியில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள். நொடிக்கு 8,000 மாதிரிகள் என்றால் 4,000 ஹேர்ட்ஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேலே உள்ளவை சும்மா மறைந்துபோவதில்லை, கீழே மடிந்து விழுகின்றன. ‘ச’வில் இருக்கும் 5,500 ஹேர்ட்ஸ் காற்றொலி 2,500 ஆக வந்து குரலின் நடுவே குந்திக்கொள்கிறது. ஆகவே முதலில் 3,400க்கு மேற்பட்டதை வடிகட்ட வேண்டும், பிறகுதான் மாதிரிகளைக் குறைக்க வேண்டும். பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கும் விஷயம். படித்தும் இருக்கிறேன்.

வடிகட்டியதும் ‘ச’ கொஞ்சம் மழுங்கியது. ஆனால் ல, ள, ழ வேறுபாட்டைக் காட்டும் அதிர்வுகள் பெரும்பாலும் 3,400க்குக் கீழேயே இருப்பதால், ‘பழைய விலை’ பழுதில்லாமல் வந்தது. மாமி அதற்காகவே மூன்று முறை அழைத்துக் கேட்டார். கீழ்ப்பக்கத்தையும் 300 ஹேர்ட்ஸில் வெட்டினேன். மாமியின் குரலின் அடிப்படை அதிர்வு 200ஐ ஒட்டியது. அதாவது அவருடைய குரலின் அடித்தளத்தையே வெட்டிவிட்டேன். ஆனாலும் கேட்ட யாரும் ஆள் மாறிவிட்டதாகச் சொல்லவில்லை. 400, 600, 800 என்று மிஞ்சியிருக்கும் மடங்குகளை வைத்துக் காது 200ஐத் தானே கட்டிக்கொள்கிறது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்தது, தொலைபேசிக் குரலை எண்களாக்குவதற்கு 1972இல் வந்த ஜி.711 தரம். ஒரு மாதிரிக்கு 8 பிட்டுகள், அதாவது 256 படிகள். எங்கள் பக்கத்தில் பயன்படும் ஏ-விதி அந்தப் படிகளைச் சமமாகப் பங்கிடுவதில்லை: மெல்லிய ஒலிக்கு நெருக்கமான படிகள், உரத்த ஒலிக்கு அகலமானவை. அதனால் பதிவின் உச்சம் வெட்டுப்படாமல் சற்றுக் கீழே நிறுத்தி, மெல்லிய சொற்களை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும்.

அமைப்பின் தலைவர் தொடக்கத்தில் நாதஸ்வரம் வேண்டும் என்றார். சேர்த்தேன். மேசைத் தொலைபேசியில் பரவாயில்லை. கைப்பேசியில் தகரக் குழாய்க்குள் பூனை அகப்பட்டதுபோல இருந்தது. கைப்பேசியின் குறிமுறை மனிதத் தொண்டையையும் வாயையும் மாதிரியாக வைத்து, 20 மில்லிநொடித் துண்டுகளாகக் குரலைச் சுருக்குகிறது. ஒருவர் கதைப்பதற்கு அது போதும். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்தால் எந்தத் தொண்டை என்று அதற்கு விளங்குவதில்லை. இசையை எடுத்துவிட்டேன். தலைவருக்கு இன்றுவரை மனக்குறை.

உண்மையில் என்னை ஆட்டிப்படைத்தது எண்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் சொல்வது எளிது: நூறுகள், பத்துகள், ஒன்றுகள் என்று தனித்தனியே பதிந்து ஒட்டிவிடுங்கள். அப்படியே செய்து 247ஐக் கேட்டேன். ‘இருநூறு, நாற்பது, ஏழு ரூபா’ என்றது இயந்திரம். மாமி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். இருநூற்று நாற்பத்தேழு என்பதில் நூறு நூற்றாகிறது, நாற்பதும் ஏழும் ஒட்டிக்கொள்கின்றன. புணர்ச்சியைக் கத்தரிக்கோலால் செய்ய முடியாது. ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை ஒவ்வொன்றையும் முழுதாகப் பதிந்தோம். நூறுகளை இரண்டிரண்டு வடிவமாக: இருநூறு, இருநூற்று, தொள்ளாயிரம், தொள்ளாயிரத்து. ஆக 117 துண்டுகள். ‘ரூபா’ தனி. ஒட்டும் இடங்களில் ‘டிக்’ என்று தெறித்ததால், ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் சில மில்லிநொடி மங்கவிட்டேன்.

பிறகு சோதனை. பெரியப்பா, ஓட்டோ ஓட்டும் தம்பி, தோட்டத்தில் நின்ற இருவர் என்று நாலு பேரிடம் பழைய பொத்தான் கைப்பேசியைக் கொடுத்து, கேட்ட விலைகளை எழுதச் சொன்னேன். பெரியப்பா எண்பதை ஐம்பது என்று எழுதினார். தம்பியும் அப்படித்தான். என்னுடைய நல்ல தலையணியில் இரண்டும் பளிச்சென்று வேறுபட்டுக் கேட்டன. அன்றோடு தலையணியை மேசை இழுப்பறைக்குள் போட்டேன். 2,000 முதல் 3,000 ஹேர்ட்ஸ் வரை 4 டெசிபெல் உயர்த்தினேன், மாமியிடம் முதலெழுத்தை அழுத்திச் சொல்லும்படி கேட்டேன், விலையை இரண்டு தடவை சொல்ல வைத்தேன். அடுத்த சோதனையில் பெரியப்பா ஒரு பிழையும் விடவில்லை, தனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மார்கழி மழையில் பச்சை மிளகாய் கிலோ ஆயிரத்தைத் தாண்டியது. ‘ஆயிரம்’, ‘ஆயிரத்து’ இரண்டும் எங்களிடம் இல்லை. பதியப் போனபோது மாமிக்குத் தடிமன். பதிந்து, மட்டத்தைச் சரிசெய்து, அலைகளைத் தட்டிக்கொட்டிப் பார்த்தேன். மூக்கடைப்பை எடுக்கும் வடிகட்டி எதுவும் என்னிடம் இல்லை. ஆயிரத்தை ஒருவரும் மிச்சத்தை இன்னொருவரும் சொல்வதுபோல இருந்தது. மாமிக்குச் சுகமாகும் வரை ஒன்பது நாள் காத்திருந்தோம். அந்த ஒன்பது நாளும் எங்கள் இலக்கத்தில் பச்சை மிளகாய் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாவிலேயே நின்றது.