மேல்முறையீடு என்று எழுதினேன், பத்துக்கு இரண்டு வந்தது

ஏடிஆர் (தகராறுகளை வழக்காடாமல் தீர்க்கும் மாற்று வழிகள்) தாள் லேசானது என்று சீனியர்கள் சொன்னதை நம்பி, உள்தேர்வுக்கு முந்தின நாள்தான் புத்தகத்தைத் திறந்தேன். ஆர்பிட்ரேஷனில் (தரப்பினர் ஒப்புக்கொண்ட நடுவர் தகராறைத் தீர்க்கும் முறை) தோற்றவர், நடுவர் சாட்சியத்தைத் தவறாக எடைபோட்டுவிட்டார் என்கிறார். அவர் என்ன செய்யலாம்? இதுதான் கேள்வி. மேல்முறையீடு செய்யலாம் என்று தொடங்கி இரண்டு பக்கம் நிரப்பினேன். பத்துக்கு இரண்டு.

அதற்கப்புறம்தான் பல நாடுகளின் சட்டங்களுக்கு அடிப்படையான யுன்சிட்ரால் (ஐ.நா.வின் சர்வதேச வணிகச் சட்ட ஆணையம்) மாதிரிச் சட்டத்தை (1985, திருத்தம் 2006) ஒழுங்காக வாசித்தேன். அதன் 34ஆம் உறுப்பு தருவது மேல்முறையீடு இல்லை. அவார்டை, அதாவது நடுவர் தீர்ப்பை, ரத்து செய்யக் கோரும் மனு மட்டும்தான். காரணங்கள் ஆறே ஆறு. நான்கை மனுதாரர் நிரூபிக்க வேண்டும்: ஒப்பந்தம் செல்லாது அல்லது தரப்புக்குத் தகுதியில்லை, முறையான அறிவிப்போ வாதிட வாய்ப்போ தரவில்லை, ஒப்படைத்த விஷயத்தைத் தாண்டித் தீர்ப்புச் சொன்னார்கள், நடுவர் அமைப்போ நடைமுறையோ பேசியபடி இல்லை. மீதி இரண்டை நீதிமன்றமே கவனிக்கலாம்: விஷயம் ஆர்பிட்ரேஷனுக்கு உகந்ததா, அவார்டு பொதுக்கொள்கைக்கு முரணா. மனு போட மூன்று மாதம். சாட்சியத்தை எடைபோட்டதில் தவறு என்பது இந்தப் பட்டியலிலேயே கிடையாது. இங்கிலாந்தின் 1996 சட்டம் 69ஆம் பிரிவில் சட்டப் பிரச்சினைக்கு மேல்முறையீட்டை அனுமதிக்கிறது, அதையும் தரப்பினர் ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ளலாம். விதிவிலக்காக அதை ஒரு வரி எழுதினால் போதும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. வெளிநாட்டு அவார்டை நிறைவேற்ற மறுக்கும் காரணங்களைச் சொல்லும் 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையின் 5ஆம் உறுப்பு, கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். அங்கே ஐந்தும் இரண்டும். கூடுதலான ஒன்று, அவார்டு இன்னும் கட்டுப்படுத்தும் நிலைக்கு வரவில்லை, அல்லது அது பிறந்த நாட்டில் ரத்தாகிவிட்டது என்பது. ஒன்றை உருப்படியாகப் படித்தால் மற்றது பாதி முடிந்த மாதிரி.

உறுப்பு எண்களை வரிசையாக உருப்போடுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஒரே கற்பனைத் தகராறை வைத்துக்கொண்டு, நீதிமன்றம் எங்கெல்லாம் உள்ளே வருகிறது என்று கோடு போட்டேன். ஒருவர் ஒப்பந்தத்தை மீறி நேரே வழக்குப் போடுகிறார்: எதிராளி தன் முதல் பதிலுரைக்குள் ஆர்பிட்ரேஷனைக் கேட்டுவிட வேண்டும் (உறுப்பு 8). ஒப்பந்தமே செல்லாது என்கிறார்: அதில் தகராறை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பும் விதி மட்டும் தனி ஒப்பந்தமாகக் கருதப்படும், தன் அதிகாரத்தை நடுவர் மன்றமே முதலில் முடிவுசெய்யும் (உறுப்பு 16). கோட்டுக்குப் பக்கத்தில் உங்கள் பாடத்திட்டச் சட்டத்தின் பிரிவு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

மீடியேஷனில், அதாவது சமரசப் பேச்சில், பலர் சறுக்குவது ஒரு சொல்லில். சமரசர் தீர்ப்பளித்தார் என்று எழுதிவிடுவார்கள். அவர் பேச வைக்கிறார், அவ்வளவுதான். முடிவு தரப்பினருடையது, கையெழுத்தும் அவர்களுடையது. சமரசம் முறிந்த பிறகு, அங்கே ஒருவர் பாதித் தொகைக்கு இறங்கினார் என்பதை வழக்கில் சாட்சியமாகக் காட்ட முடியாது. இறுதித் தேர்வில் இதுவே கேள்வியாக வந்தது. கூடவே 2018ஆம் ஆண்டின் சிங்கப்பூர் உடன்படிக்கையைக் கேட்டார்கள்: எல்லை தாண்டிய வணிகச் சமரச ஒப்பந்தங்களை நிறைவேற்ற உதவுவது, 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. குடும்பம், வாரிசுரிமை, வேலை, நுகர்வோர் தகராறுகள் அதில் வராது. நான்கில் வேலையை மட்டும் விட்டுவிட்டேன்.