பதினாறு தடவை

ஜூலை 24

அம்மாவுக்குக் கண் கட்டைப் பிரித்தாயிற்று. சொட்டு மருந்து ஒரு வாரத்துக்கு ஆறு வேளை, இரண்டு பாட்டில், ஒன்று விட்டு ஐந்து நிமிடம் கழித்து மற்றது. கைப்பேசியில் ஆறு அலாரம் வைத்தேன். ஏழாவது பில்டுக்கு, கெர்னலைத் தொகுத்து முடிக்கும் நேரத்துக்கு.

எங்கள் லினக்ஸ் ஓடும் சோதனைப் பெட்டி அப்படியேதான் இருக்கிறது. 1 ஜிபி ராம், மெமரி நிறைந்தால் டிஸ்கில் ஒதுக்கி வைக்கும் ஸ்வாப் கிடையாது. மூன்று மணி நேரம் ஓடினால், மெமரி குறையும்போது தேடிக் காலி செய்துகொடுக்க வேண்டிய கேஸ்வாப்டி, பிராசசரின் ஒரு கோரை முழுசாகப் பிடித்துக்கொண்டு விடுவதே இல்லை. போன பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை.

ஜூலை 25

நாங்கள் செய்த மாற்றம் (பேட்ச்) எதுவும் இல்லாத சுத்தமான லினக்ஸைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் கோளாறு நம் வீட்டுக்குள்தான். எங்கள் கிளையில், அதாவது லினக்ஸின் எங்கள் பிரதியில், மட்டும் தொள்ளாயிரத்துச் சொச்சம் கமிட், ஒவ்வொன்றும் ஒரு மாற்றம். பாதி பாதியாகப் பிரித்து, நடுவில் இருப்பதை ஓட்டிப் பார்த்து 'குட்', 'பேட்' என்று சொல்லிக் குற்றவாளியைத் தேடும் பைசெக்ட் போட்டால் பத்து படி. "பத்து படிதான்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். ஒரு படிக்கு பில்ட் நாற்பது நிமிடம், அதற்கு மேல் மூன்று மணி நேரம் ஓடவிட வேண்டும், 'பேட்' என்றால் கண்ணில் பட்டதும் சொல்லிவிடலாம், 'குட்' என்று சொல்லத்தான் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லவில்லை.

ஜூலை 26

அம்மாபேட்டையில் கரண்ட் போனதை முதலில் சொல்வது பக்கத்து வீட்டுத் தறி. சத்தம் சட்டென்று நிற்கும், அப்புறம்தான் யூபிஎஸ் கத்தும். இன்று மூன்று தடவை நின்றது. ஒரு பில்ட் பாதியில் போச்சு.

ஜூலை 27

குனியக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியும் அம்மா அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டுவிட்டேன். ராத்திரி தட்டுவடை செட் வாங்கி வந்து கொடுத்தேன். பேசாமல் சாப்பிட்டாள்.

ஜூலை 29

பைசெக்ட் முடிந்தது. குற்றவாளி ஒரு கீபேட் டிரைவர் கமிட்டாம். எங்கள் பெட்டியில் கீபேடே கிடையாது.

எங்கே தப்பு என்று தெரியும். ஐந்தாம் படி. அம்மாவை செக்கப்புக்குக் கூட்டிப்போகும் அவசரத்தில் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திவிட்டு 'குட்' என்று அடித்தேன். இரண்டு மணி நேரம் போதாதென்று எனக்கே தெரியும், ஆட்டோ வாசலில் நின்றுகொண்டிருந்தது, அடித்துவிட்டேன். அங்கே ஒரு பொய் சொன்னால் மிச்ச ஐந்து படியும் அந்தப் பொய்யை நம்பித்தான் நடக்கும். பைசெக்ட் எழுதிவைத்த லாகை எடுத்து ஐந்தாம் படியிலிருந்து வெட்டிவிட்டு, முதல் நான்கை மட்டும் ரீப்ளே செய்து அங்கிருந்து மறுபடி தொடங்கினேன். மேனேஜர் கேட்டதற்கு "இன்னும் கொஞ்சம்" என்றேன்.

ஜூலை 30

ஒன்றுமில்லை. காத்திருப்பு.

ஜூலை 31

மூன்று மணி நேரம் எதற்கு என்று இன்றைக்குத்தான் உறைத்தது. மெமரிக் கணக்கு காட்டும் விஎம்ஸ்டாட்டைப் பத்து வினாடிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தால், கோளாறு தொடங்கியதும் தேடிய பேஜ்களின் கணக்கான பிஜிஸ்கேன் மளமளவென்று ஏறுகிறது, மீட்ட பேஜ்களின் கணக்கான பிஜிஸ்டீல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கேஸ்வாப்டி தேடுகிறது, ஒரு பேஜ்கூட, ஒரு மெமரித் துண்டுகூடக் கிடைக்கவில்லை, மறுபடி தேடுகிறது. ஸ்வாப் இல்லாத பெட்டியில் மெமரி முழுக்க ஆப்பின் சொந்த டேட்டாவாக இருந்தால் எதைத் தூக்கி எங்கே போடுவது? அப்படியானால் அந்த நிலைமையை நாமே கொண்டுவந்துவிடலாமே. மெமரியை வாங்கி வாங்கி அதில் எழுதுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத இருபது வரி சி புரோகிராம். நான்கே நிமிடத்தில் கேஸ்வாப்டி கோரை முழுசாகப் பிடித்துக்கொண்டுவிட்டது.

இதை முதல் நாளே செய்திருக்கலாம். ஒரு வாரம்.

இன்றிலிருந்து மருந்து நான்கு வேளை.

ஆகஸ்ட் 1

கிடைத்தது. ஒரே ஒரு வரி.

கேஸ்வாப்டி ஒரு சுற்று முடித்தும் ஒரு பேஜ்கூட மீளவில்லை என்றால் ஃபெயிலியர் கவுன்ட்டரில் ஒன்று கூட்டும். பதினாறு தடவை தொடர்ந்து வெறுங்கையோடு திரும்பினால் இந்த நோடில் (மெமரித் தொகுதியில்) இனி ஒன்றும் தேறாது என்று கைவிட்டுப் படுத்துவிடும். அப்புறம் மெமரி கேட்டு வருகிறவன் தானே தேடிக்கொள்ள வேண்டியது, கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று மெமரியை மீட்கும் ஓஓஎம் கில்லர். லினக்ஸில் இது 2017இல், 4.12இல் வந்தது. ஏதாவது மீண்டால்தான் கவுன்ட்டர் பூஜ்யமாகும், அது ஒரு 'இஃப்' நிபந்தனைக்குள் இருக்கும் வரி. எங்கள் கிளையில் யாரோ புரோகிராம் வரிகளைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை வேறு ஃபங்ஷனுக்குக் கொண்டுபோனபோது வரி 'இஃப்'புக்கு வெளியே விழுந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யம். பதினாறு வரவே வராது.

கமிட்டின் அடியில் ரிவ்யூட்-பை, சரிபார்த்தவர். என் பெயர்.

ஆகஸ்ட் 2

தூக்கம் வரவில்லை. பழைய மெயிலைத் தோண்டினேன். போன வருஷம் மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.40. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஏற்காட்டில் இருந்தோம், கோடை விழாக் கூட்டம், படகுத் துறையில் அக்கா பிள்ளைகள் வரிசையில் நிற்க, நான் ஏரிக்கரையில் ஒரு கையில் மிளகாய் பஜ்ஜியும் இன்னொரு கையில் கைப்பேசியுமாக. எண்ணெய்க் கட்டை விரலால் பேட்சைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. சின்னத் திரையில் வரிகள் மடங்கி மடங்கி விழும், எந்த வரி எந்த அடைப்புக்குள் என்றே தெரியாது. 'லுக்ஸ் குட்' என்று அனுப்பிவிட்டுத்தான் படகில் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம் வருவதற்குள் அது எங்கள் கிளையில் மெர்ஜ் ஆகிச் சேர்ந்திருந்தது.

யாரும் என்னைத் திட்டப்போவதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. காலை ஐந்துக்கே ஸ்பீக்கர். அக்கா குடும்பம் மேட்டூர் போகிறது, தண்ணீரில் இறங்கக்கூடாதென்பதால் அம்மா போகவில்லை, நானும் போகவில்லை. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் நான்தான் கிளறினேன், கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்து உப்பு சொன்னாள்.

வரியை 'இஃப்'புக்குள் திரும்ப வைத்தேன். இருபது வரிப் புரோகிராமை ஓட்டினேன். கெர்னலின் மெமரி நிலவரம் காட்டும் சோன்இன்ஃபோவில், நோட் அன்ரீக்ளெய்மபிள் (இனி ஒன்றும் மீட்க முடியாது) என்ற இடத்தில் 0 இருந்தது, 1 ஆனது. கேஸ்வாப்டி படுத்துவிட்டது. திருத்தம் ஒரு வரி, அதற்கு விளக்கம் இரண்டு பத்தி, எந்தக் கமிட்டின் தப்பைத் திருத்துகிறது என்று சொல்லும் ஃபிக்சஸ் வரியில் பழைய கமிட்டின் அடையாள எண்ணில் பன்னிரண்டு எழுத்து. ரிவ்யூ செய்தது நான்தான் என்றும் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன்.

"இன்னுமா முடியல கண்ணு?"

"முடிஞ்சிருச்சும்மா."

ஆகஸ்ட் 4

பெட்டி பத்தொன்பது மணி நேரமாகச் சும்மா கிடக்கிறது.

காலை பேட்சை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் ரிவ்யூட்-பை வந்துவிட்டது. டீமில் புதிதாகச் சேர்ந்த பையன். ஐந்து நிமிடம்! போன் போட்டேன்.

"முழுசாப் படிச்சியாப்பா?"

"ஒரு லைன்தானே சார், பாத்தேன், ஓகேதான்."

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் பிரித்து வைத்துவிட்டுக் கூப்பிடு என்றேன். மதியம் கூப்பிட்டான். அந்த ஃபங்ஷனை மேலிருந்து கீழே வரிக்கு வரி என்னிடம் படித்துக் காட்டச் சொன்னேன், அவனும் படித்தான், பாதியில் அலாரம் அடித்தது, இரு, அம்மாவுக்கு மருந்து விட்டுவிட்டு வருகிறேன்