ஒயிட்ஹெட் தெருவில் இன்னும் சில பெயர்கள்

ஃபுளோரிடாவின் தென்முனையிலிருந்து கடலுக்குள் வளைந்து செல்லும் தீவுத் தொடரில், சாலை வழியாகச் சென்றடையக்கூடிய கடைசித் தீவு கீ வெஸ்ட். ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளமும் அதில் பாதிகூட இல்லாத அகலமும் கொண்ட இந்தச் சிறு நகரில் சுமார் இருபத்தைந்தாயிரம் பேர் வாழ்கிறார்கள். மயாமியை விடக் கியூபாவே அதற்கு அருகில் இருக்கிறது. இந்த ஊரின் புகழ்பெற்ற மனிதர்கள் யார் என்று கேட்டால் முதலில் வரும் பெயர் நாவலாசிரியர் எர்னெஸ்ட் ஹெமிங்வே. அடுத்து, 1941-இல் முதன்முறை வந்து பின்னர் அங்கேயே வீடு வாங்கிய நாடக ஆசிரியர் டென்னஸி வில்லியம்ஸ். அதற்கடுத்து, பதவியில் இருந்தபோது மொத்தம் 175 நாட்களை அத்தீவின் கடற்படை இல்லத்தில் கழித்த அதிபர் ஹாரி ட்ரூமன். மூவருமே வெளியிலிருந்து வந்து தங்கியவர்கள். தீவிலேயே பிறந்தவர்களும், வேறு போக்கிடமின்றி அங்கு வந்து வாழ்வை மீட்டுக்கொண்டவர்களும் இந்த வரிசையில் மிகவும் பின்னால் நிற்கிறார்கள். அவர்களை முன்னால் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒயிட்ஹெட் தெரு என்ற ஒரே தெருவைப் பார்த்தாலும் நான் சொல்வது புரியும். அதன் ஒரு பகுதியில், பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபானின் பெயரைத் தாங்கிய பழைய வீடு ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆடுபான் கீ வெஸ்டுக்கு வந்தது 1832-இல். வீடோ அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, ஜான் கைகர் என்ற உள்ளூர்க் கப்பல் வழிகாட்டி தம் குடும்பத்துக்காகக் கட்டியது. வந்து சென்ற விருந்தினரின் பெயர், கட்டி வாழ்ந்தவரின் வீட்டுக்கே வந்துவிட்டது. அதே தெருவில் 907-ஆம் எண், ஹெமிங்வே 1931 முதல் வாழ்ந்த வீடு. அதற்குச் சற்று முன்னால், 702-ஆம் எண்ணில் ஒரு தேவாலயம் இருக்கிறது. அது சாண்டி கார்னிஷ் என்பவரின் நினைவைத் தாங்கியது.

கார்னிஷ் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். கூலிக்கு உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கினார். ஆனால் அதற்கான பத்திரங்கள் ஒரு தீவிபத்தில் எரிந்துபோயின. பத்திரம் இல்லாத கறுப்பின மனிதரை யார் வேண்டுமானாலும் பிடித்து விற்கலாம் என்றிருந்த காலம் அது. வட ஃபுளோரிடாவில் அடிமை பிடிப்போர் அவரைத் தேடி வந்தபோது, அவர்களிடமிருந்து தப்பிய கார்னிஷ், மறுநாள் ஊர்ச் சதுக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி நின்று, தம் கணுக்கால் நரம்பை வெட்டி, இடுப்பில் கத்தியைப் பாய்ச்சி, கைவிரல்களையும் துண்டித்துக்கொண்டார். எந்தச் சந்தையிலும் விலைபோகாத உடலாகத் தம் உடலை ஆக்கிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி விட்டுவைக்கப்படவில்லை. இதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் என் கை நடுங்குகிறது.

அத்தனை காயங்களுக்குப் பின்னும் அவர் பிழைத்தார். மனைவி லில்லாவுடன் கீ வெஸ்டுக்கு வந்து, மண் குறைந்த அந்தப் பவளப்பாறைத் தீவில் பழத்தோட்டம் போட்டு, ஊரில் வசதியானவர்களுள் ஒருவராக உயர்ந்தார். 1864-இல் அந்தத் தேவாலயம் உருவாக முன்னின்றார்; 1869-இல் காலமானார். 1860-ஆம் ஆண்டு கோடையில், சட்டவிரோதமாக அடிமைகளை ஏற்றிச் சென்ற மூன்று கப்பல்களை அமெரிக்கக் கடற்படை பிடித்து, அவற்றிலிருந்த 1,432 ஆப்பிரிக்கர்களைக் கீ வெஸ்டில் இறக்கியபோது, கார்னிஷ் அந்த ஊரில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். அவர்களுள் 294 பேர் நோயாலும் பயணக் கொடுமையாலும் இறந்து கடற்கரையில் புதைக்கப்பட்டார்கள். பிழைத்தவர்கள் லைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். புதைக்கப்பட்ட இடத்தை 2002-இல் நடந்த ரேடார் ஆய்வு மீண்டும் அடையாளம் காட்டியது. அந்தக் காலத்துக் கீ வெஸ்டின் புகழ்பெற்ற மகன் என்று நூல்கள் குறிப்பிடும் மற்றொருவர் ஸ்டீபன் மல்லோரி. தாய் எல்லன் நடத்திய தங்கும் விடுதியின் வருமானத்தில் வளர்ந்து செனட்டரான அவர், 1861-இல் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன மாநிலங்களின் கடற்படைச் செயலாளரானார். இருவரில் யாரை நகரத்தின் முதல் மகனாகச் சொல்வது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

1868-இல் கியூபாவில் ஸ்பெயினுக்கு எதிரான போர் வெடித்ததும் ஆயிரக்கணக்கான கியூபர்கள் கீ வெஸ்டில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களோடு சுருட்டுத் தொழிலும் வந்து சேர்ந்தது. சுருட்டு ஆலைகளில் ஒரு வழக்கம் இருந்தது. தொழிலாளர்கள் வரிசையாக அமர்ந்து புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, உயரமான மேடையில் ஒருவர் அமர்ந்து, காலையில் செய்தித்தாள்களையும் பிறகு நாவல்களையும் உரத்த குரலில் வாசிப்பார். அவருக்கு ஊதியம் கொடுப்பது முதலாளி அல்ல. தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவரும் உலக அரசியலை விவாதிக்கும் ஊராகக் கீ வெஸ்ட் இருந்ததற்கு இந்த வாசிப்பாளர்களே பெருங்காரணம். 1891 டிசம்பரில் கியூப விடுதலைப் போராட்டத் தலைவரும் கவிஞருமான ஹொசே மார்த்தி அங்கு வந்ததும் இத்தொழிலாளர்களின் அழைப்பின் பேரில்தான். அவர் தொடங்கிய கியூபப் புரட்சிக் கட்சியின் அடிப்படைக் கொள்கைகள் 1892 ஜனவரியில் கீ வெஸ்டில்தான் வகுக்கப்பட்டன. மூன்றாண்டுகளுக்குப் பின், 1895 மே 19 அன்று, மார்த்தி கியூப மண்ணில் போரில் இறந்தார்.

இப்படியொரு வாசிப்பாளரின் மகன்தான் 1908-இல் பிறந்த மாரியோ சான்செஸ். தீவு பெற்றெடுத்த கலைஞர்களுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் இவரே. முறையான ஓவியப் பயிற்சி இல்லாத இவர், மளிகைக் கடைக் காகிதப் பையில் முதலில் காட்சியை வரைந்து, அதை மரப்பலகைக்கு மாற்றி, உளியாலும் உடைந்த கண்ணாடித் துண்டாலும் செதுக்கி வண்ணம் தீட்டினார். சுருட்டுத் தொழிலாளர் குடியிருப்பு, தெரு வியாபாரிகள், இசைக்குழுவோடு செல்லும் இறுதி ஊர்வலம், ஆலையில் வாசிப்பாளர் என்று சிறுவயதில் கண்டவற்றையெல்லாம் முதுமை வரை செதுக்கிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வெளியே மர நிழலில் அமர்ந்துதான் வேலை. சுருட்டு ஆலைகள் பெரும்பாலும் ஃபுளோரிடாவின் டாம்பா நகருக்கு இடம்பெயர்ந்து, ஊரின் முகமே மாறிய பிறகு, அந்தப் பழைய கியூபத் தெருக்களைக் காண நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சாட்சி இவருடைய பலகைகள்தான். 2005-இல் மறைந்தார்.

வந்தவர்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அன்று. 1935 செப்டம்பர் 2-ஆம் தேதிப் புயலில், நெடுஞ்சாலைப் பணிக்காகத் தீவு முகாம்களில் தங்கவைக்கப்பட்டிருந்த முன்னாள் போர்வீரர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டபோது, நிவாரணப் படகில் சென்று உடல்களைக் கண்டு, அவர்களை அங்கே விட்டுவைத்தது யார் என்று வெளிப்படையாகக் கேட்டு எழுதியவர் ஹெமிங்வே. 1938-இல் அங்கு வீடு வாங்கிய கவிஞர் எலிசபெத் பிஷப்பின் கண்ணோ இன்னும் கூர்மையானது. கிரகோரியோ வால்டேஸ் என்ற ஏழை உள்ளூர் ஓவியரைக் கண்டுகொண்டு, அவரிடம் தம் வீட்டை வரையச் சொல்லி வாங்கி, அவர் 1939-இல் இறந்தபின் அவரைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். விருந்தினராக வருபவர் இப்படி வந்தால் வரவேற்கலாம்.

இந்தத் தீவின் மீது எனக்கு முதலில் ஈடுபாடு வந்தது ஜாஸ் இசை வழியாகத்தான். தியோடர் நவாரோ, இசையுலகம் அழைத்த பெயரில் ஃபேட்ஸ் நவாரோ, 1923 செப்டம்பர் 24 அன்று கீ வெஸ்டில் பிறந்தார். கியூப, ஆப்பிரிக்க, சீன வழிமரபு மூன்றும் கலந்தவர், ஸ்பானிய மொழியைச் சரளமாகப் பேசியவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கான டக்ளஸ் பள்ளியில் படித்து, 1941-இல் படிப்பு முடிந்ததும் ஊரை விட்டுப் புறப்பட்டார். 1945-இல் பில்லி எக்ஸ்டைன் இசைக்குழுவில் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் இடத்தில் அமர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. பிபாப் என்ற ஜாஸ் பாணியின் வேகத்தில் மற்றவர்கள் திணறிய இடங்களில்கூட, அவருடைய ட்ரம்பெட்டின் ஒவ்வொரு சுரமும் முழுமையாக, உருண்டு திரண்டு ஒலிக்கும். பின்னாளில் வந்த ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுன் அவரைத் தம் முன்மாதிரியாகக் கொண்டார். காசநோயும் ஹெராயின் பழக்கமும் சேர்ந்து 1950 ஜூலையில், இருபத்தாறாம் வயதில் நவாரோவைக் கொண்டுபோயின. நியூ ஜெர்சியில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் 2002-இல்தான் வைக்கப்பட்டது.

ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பியானோ கலைஞர்கள் டாட் டேமரானுடனும் பட் பவலுடனும் அவர் வாசித்த பதிவுகள் இன்றும் எளிதில் கிடைக்கின்றன. புதிதாகக் கேட்க விரும்புவோருக்கு 1949 ஆகஸ்டு மாதம் பவல் குழுவுடன் செய்த பதிவைச் சொல்வேன். அதில் நவாரோவுக்குப் பக்கத்தில் நின்று சாக்ஸஃபோன் வாசித்த பதினெட்டு வயது இளைஞர், பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற சானி ராலின்ஸ்.