லாச்சியில் கிடந்த கடுதாசி

“கர்த்தரோட வேளையில வரும் பாட்டி.” பதினோரு மாதத்தில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

நான் தோட்டத்து ஆபீஸில் கிராணி, அதாவது கிளார்க். பாட்டி கேட்டது பெரிய காரியமில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசியை (அடையாள அட்டையை) மலேசியக் குடிமக்களின் நீல ஐசியாக்க மூன்றாவது தடவையாக மனுப் போடுகிறார். மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டுச் சுதந்திரத்துக்கு, முன்னால் இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் இல்லை. 1969இல் சிவப்பு ஐசிக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது அவர் வீட்டில் பாதிப்பேர் ரஜூலா கப்பலில் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், இவர் பால் மரம் சீவிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டார். இன்றுவரை ஒரு ஓட்டுப் போட்டதில்லை. பழைய செக்ரோலை, அதாவது வேலையாட்களின் பேர்ப் பதிவுப் புத்தகத்தை, பார்த்து, இத்தனை வருஷம் இங்கே வேலை செய்தார் என்று ஒரு கடிதம் அடித்து மேனேஜர் கையெழுத்து வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான். அரை நாள் வேலை. ஆனால் அதற்கு ஸ்டோருக்குள் போய் கறையான் தின்றது போக மிச்சமிருக்கும் புத்தகங்களைப் புரட்டவேண்டுமே, அந்தச் சோம்பல்தான்.

வேலை இல்லாமலும் இல்லை. மாசக் கணக்கு, செம்பனை எண்ணெய்ச் சான்றிதழுக்கான எம்எஸ்பிஓ ஆடிட், வங்காளதேசப் பையன்களின் பெர்மிட் புதுப்பிப்பு. பெர்மிட் ஒருநாள் பிந்தினால் என் தலை உருளும், அதனால் ஒன்றுகூடப் பிந்தியதில்லை. பாட்டியின் கடிதத்துக்குக் கெடு தேதி கிடையாது. அவர் கொடுத்த ஐசி நகல் பிளாஸ்டிக் உறையோடு என் மேசையின் வலது பக்க இரண்டாவது லாச்சியில், பஞ்ச் மெஷினுக்கு அடியில் கிடந்தது.

எனக்குள் திரும்பத் திரும்ப ஓடுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். பாட்டி வழக்கம்போல “நம்ம கடுதாசி என்னாச்சுங்கய்யா?” என்றார். நானும் வழக்கம்போல ஆரம்பித்தேன். ஆபிரகாமுக்கு 75 வயதில் வாக்குத்தத்தம் கிடைத்தது, ஈசாக்கு பிறந்தபோது வயது 100, நடுவில் 25 வருஷம், அவசரப்பட்டதால் வந்தவன்தான் இஸ்மவேல் என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்துவிட்டேன். பாட்டி முழுவதையும் கேட்டுவிட்டு, “அது சரிங்கய்யா, ஆபிரகாமுக்குக் கிராணி கடுதாசி தேவப்படலையே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது, நானும் சிரித்தது.

மறுநாளே ஸ்டோருக்குப் போனேன் என்று எழுத ஆசை. போகவில்லை. அதற்கப்புறமும் நான்கு மாதம் ஆனது. பழைய மேனேஜர் மாறி, புதியவர் வந்து, ஆபீஸைச் சுத்தம் செய்யச் சொன்னபோதுதான் உறை கைக்கு வந்தது. அன்றே புத்தகத்தைத் தேடினேன், இரண்டே மணி நேரத்தில் அவர் பெயர் கிடைத்தது, எழுத்துப்பிழையோடு. புது மேனேஜர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

இங்கேதான் எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. பழையவர் இந்த மாதிரி விஷயங்களில் கையெழுத்தே போடமாட்டார், ‘நமக்கெதற்கு வம்பு’ என்பார். முன்னாடியே கொண்டுபோயிருந்தால் காரியம் கெட்டிருக்கும், ஆக இந்தத் தாமதமே கர்த்தர் செயல்! இது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் லாச்சியை மூடியபோது என் மனசில் கர்த்தரும் இல்லை, பழைய மேனேஜரும் இல்லை, மத்தியானச் சாப்பாடுதான் இருந்தது.

யோசேப்பு கதையில் பானபாத்திரக்காரன் வருகிறானே, சிறையிலிருந்து வெளியே போனதும் ‘என்னை நினைத்துக்கொள்’ என்று யோசேப்பு கேட்டும் மறந்துபோனவன். அப்புறம் இரண்டு வருஷம் கழித்துப் பார்வோன் கனவு கண்டபோதுதான் அவனுக்கு ஞாபகம் வருகிறது. அதைக் கர்த்தருடைய நேரம் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், சரியான நேரத்தில்தான் யோசேப்பு அரண்மனைக்குப் போனான் என்பதும் ஒத்துக்கொள்ள வேண்டியதே. ஆனால் பானபாத்திரக்காரனுக்கு அந்தப் பிரசங்கம் பொருந்துமா? அவனே அதைச் சொல்லிக்கொண்டால் எப்படி இருக்கும்? அவனாவது பார்வோன் முன்னால் தன் குற்றத்தை வாய்விட்டுச் சொன்னான்.

கடிதம் கொடுத்த அடுத்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் பாட்டி எழுந்து, கர்த்தர் தம்முடைய வேளையில் காரியத்தை வாய்க்கப்பண்ணினார், கிராணி ஐயாவை உபயோகப்படுத்தினார் என்றார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். “பாட்டி, அது என் லாச்சியிலதான் கிடந்துச்சு. நான்தான் தேடவே இல்ல.”

“தெரியும்யா. ஆபீசு கூட்டுறது நம்ம மருமவதானே.”

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்க வாய் வரவில்லை. ஆபிரகாம் பேச்சுக்கு முன்பா, பின்பா? “அப்புறம் ஏன் பாட்டி சபையில அப்படிச் சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். “மழ வரும்போல இருக்கு, நீங்க கெளம்புங்கய்யா” என்றார்.

மனு போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, பதில் வரவில்லை. ஞாயிறு தோறும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், எதுவும் கேட்பதில்லை. கேட்டால் தேவலை.