‘கைப்பற்றினார்’ என்ற ஒரு சொல்

பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கத் தொடங்கிய முதல் ஏழெட்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்: “1933இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார்.” பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதினார்கள், நான் மதிப்பெண் போட்டேன். வெர்சாய் உடன்படிக்கை, பணவீக்கம், வேலையின்மை என்று துணைத்தலைப்புகள் வரிசையாக இருந்தால் முழு மதிப்பெண்.

ஓர் அரையாண்டுத் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று ஒரு மாணவி எழுந்தாள். “கைப்பற்றினார் என்றால் சண்டை போட்டா ஐயா? அங்கே தேர்தல் இல்லையா?”

விடை எனக்குத் தெரியும். ஆனால் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் ஒருமுறைகூட வகுப்பில் சொன்னதில்லை. அது என்னை மிகவும் உறுத்தியது. அந்தப் பீரியடு முழுவதையும் அதற்கே கொடுத்தேன்.

கரும்பலகையில் எண்களை எழுதினேன். 1928 நாடாளுமன்றத் தேர்தலில் ஹிட்லரின் நாசிக் கட்சிக்கு 12 இடங்கள். 1929இல் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அமெரிக்கக் கடனை நம்பியிருந்த ஜெர்மனியில் ஆலைகள் மூடப்பட்டன. 1930இல் 107 இடங்கள். வேலையற்றோர் அறுபது லட்சத்தை எட்டிய 1932இல், ஜூலைத் தேர்தலில் 230. அதே ஆண்டு நவம்பரில் 196 ஆகக் குறையவும் செய்தது. இந்தத் தேர்தல் எதிலும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் 1933 ஜனவரி 30 அன்று குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஹிட்லரைச் சான்சலராக, அதாவது நம் பிரதமரைப் போன்ற பதவியில், நியமித்தார். நம் பிடியில் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்ட முன்னாள் சான்சலர் பாப்பன் போன்றவர்கள்தான் அதற்கு வழி செய்தார்கள்.

நான்கு வாரத்தில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் ரத்து. எதிர்க்கட்சிகளை மிரட்டி நடத்திய மார்ச் தேர்தலில்கூட நாசிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதம்தான்.

மார்ச் 23ஆம் தேதியைப் பற்றி நான் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். எரிந்த கட்டடத்துக்குப் பதிலாக க்ரோல் இசையரங்கில் அவை கூடியது. சீருடையணிந்த கட்சிப் படையினர் சுற்றி நின்றார்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேரும் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். நாடாளுமன்றம் இல்லாமலே அரசு சட்டம் இயற்றலாம் என்ற மசோதாவுக்கு அந்த நாடாளுமன்றமே வாக்களித்தது. ஆதரவு 444.

“எதிர்த்து யாருமே இல்லையா ஐயா?” அதே மாணவிதான்.

94 என்று எழுதினேன். அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். அவர்களுடைய தலைவர் ஓட்டோ வெல்ஸ், அந்தப் படையினருக்கு நடுவே எழுந்து, “எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது” என்று பேசினார். அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மியது. பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டாம் உலகப்போருக்கான காரணங்களை நடத்துவது எளிதாகிவிட்டது. தட்டிக் கேட்க ஆள் இல்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பது நம் பழமொழி. வீட்டுக்குள் கேட்க ஆளில்லாமல் செய்த ஹிட்லர் வெளியிலும் அதையே எதிர்பார்த்தார். ஜப்பான் மஞ்சூரியாவையும் இத்தாலி எத்தியோப்பியாவையும் பிடித்தபோது, நாடுகளின் அமைதிக்காக அமைந்த பன்னாட்டுச் சங்கம் கைபிசைந்து நின்றதை அவரும் பார்த்திருந்தார். 1936இல், ஜெர்மனி படை வைக்கக் கூடாது என்றிருந்த ரைன்லாந்துக்குள் அவருடைய படை நுழைந்தது, பிரான்ஸ் நகரவில்லை. 1938இல் ஆஸ்திரியாவை எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு மியூனிக்கில், செக்கோஸ்லோவாக்கியாவை மேசைக்கு அழைக்காமலே அதன் எல்லைப் பகுதியான சுடெட்டன்லாந்தை பிரிட்டனும் பிரான்சும் ஹிட்லருக்கு எடுத்துக் கொடுத்தன. அந்தப் பக்கத்தை நடத்தும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆறு மாதத்தில் அந்நாட்டின் தலைநகர் பிராக்கும் போனது. 1939 செப்டம்பர் 1 அன்று போலந்து.

வெல்ஸ் அந்தச் செப்டம்பரிலேயே, போர் தொடங்கிய இரண்டு வாரத்தில், பாரிஸில் அகதியாக இறந்துபோனார். பாடத்திட்டத்தில் அவர் இல்லை. பொதுத்தேர்விலும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் இப்போது ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடத்துக்கு ஒரு பீரியடு கூடுதலாக எடுக்கிறேன். விடைத்தாளில் ‘கைப்பற்றினார்’ என்று வந்தால் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் “யார் கொடுத்தார்கள்?” என்று எழுதித் திருப்பிக் கொடுக்கிறேன்.