பையைக் கட்டிய பிறகு

பாம்பு பிடிக்கிறவன் என்று சொன்னதும் ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி, "உங்களை எப்பவாச்சும் கடிச்சிருக்கா?" அடுத்தது, "எப்படிப் பிடிப்பீங்க?" பிடித்த பாம்பு அப்புறம் என்ன ஆகிறது என்று கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. இத்தனை வருஷம் வரப்பிலும் முள்ளுக்காட்டிலும் நடந்த பிறகு எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

நாங்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். அப்பா காலத்தில் பாம்பு என்றால் தோல். சாரை, நல்ல பாம்பு, விரியன் என எது கிடைத்தாலும் உரித்து வியாபாரியிடம் கொடுத்தால் அன்றைக்கு அடுப்பு எரியும். அந்தத் தோல் எந்த நாட்டில் யாருடைய கைப்பையாக, இடுப்பு வாராக ஆனது என்பது எங்கள் ஜனத்துக்குத் தெரியாது. 1972ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் நின்றது. காட்டுக்கு நல்லதுதான். ஆனால் எங்கள் வீடுகளில் வேறு பிழைப்பு இல்லை. அம்மா எலி வளை வெட்டப் போனார். அப்பா விறகுக்கும் கூலிக்கும் போனார். நிலம் ஒரு சென்ட் கூடக் கிடையாது.

1978ல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. முதலைப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கர் அதற்குத் துணையாக நின்றார். தோலுக்குப் பதில் நஞ்சு. கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் வேட்டையின் அர்த்தமே அதில் மாறிவிட்டது. அதுவரை பாம்பைப் பிடித்தால் அதோடு அதன் கதை முடிந்தது. சங்கம் வந்த பிறகு, பிடித்த பாம்பு உயிரோடு, காயம் படாமல் வந்து சேர்ந்தால்தான் காசு. அப்பாவின் கை மெதுவானது அப்போதுதான் என்று அம்மா சொல்வார்.

சங்கத்துக்கு வேண்டியவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு எத்தனை பிடிக்கலாம் என்று அனுமதி உண்டு. அதற்கு மேல் ஒன்று கூட எடுக்கக் கூடாது. மார்கழிக் காலை வெயிலில் கண்ணாடி விரியன் கற்றாழை வேலி ஓரம் காய வரும். காய்ந்த சருகின் மேல் அது கிடந்தால் பழகாத கண்ணுக்குச் சருகு மட்டும்தான் தெரியும். கிட்டே போனால் குக்கர் விசில் போல ஒரு சீறல். சுருட்டை சின்ன உருவம். கல்லுக்கு அடியில், கற்றாழை மடலுக்குள் இருக்கும். செதிலோடு செதிலை உரசி ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் வரும்வரை காத்திருக்காமல் முதலில் அதன் தடத்தைப் பார்க்க வேண்டும்.

கட்டுவிரியன்தான் எனக்குப் பிடித்த வேலை. அது ராத்திரி நடமாடும், பகலில் எலி வளைக்குள் படுத்துக்கொள்ளும். சித்தப்பாவும் நானும் வரப்பு வரப்பாகப் போவோம். வளை வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால் அங்கே ஆள் இல்லை, தாண்டிவிடலாம். வாய் ஓரத்து மண் வழவழவென்று தேய்ந்து லேசாகப் பளபளத்தால் உள்ளே போய் வருகிற உடம்பு எலியுடையது அல்ல. சில சமயம் பாதிச் சட்டை வெளியே தொங்கும். சித்தப்பா அதை எடுத்து வயிற்றுப் பக்கத்தைத் திருப்பி விரலால் தடவுவார். செதிலின் அகலத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எத்தனை நீளம் என்று சொல்வார். பிறகு கடப்பாரை. நேராகக் குத்தக் கூடாது. வளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குச்சியை விட்டுப் பார்த்து, பக்கத்திலிருந்து மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். கடைசி ஒரு சாண் கடப்பாரை கிடையாது, கைதான். விரல் நுனியில் மண் பொலபொலவென்று ஆகும்போது நிறுத்தி ஊதுவார். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு தெரியும். அப்போது அவர் மூச்சு கூட மாறாது.

நிலத்துக்காரர் வந்து, "என்னப்பா, வரப்பை உடைச்சிடாதீங்க" என்பார். "மூடிட்டுத்தாங்க போவோம்" என்று சித்தப்பா பதில் சொல்வார். அதே மாதிரி மூடி, மிதித்து, ஈர மண் பூசிவிட்டுத்தான் அடுத்த வளைக்கு நகருவோம். மூடாமல் போனால் அடுத்த முறை அந்த வயலுக்குள் கால் வைக்க முடியாது. வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல் இருந்தால் அது எங்கள் வீட்டுக்கு.

வடநெம்மேலியில் ஒவ்வொரு பாம்பும் ஒரு மண்பானைக்குள் போகும். அடியில் மணல், வாயில் துணி. வாரம் ஒரு முறை வீதம் நான்கு தடவை நஞ்சு எடுப்பார்கள். கண்ணாடிக் குடுவையின் வாயில் கட்டிய மெல்லிய தாளைக் கடிக்க வைத்தால் பொட்டுப் பொட்டாக இறங்கும். அதை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். அங்கே குதிரைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நஞ்சை ஏற்றி, அவற்றின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து எடுத்துத்தான் அரசு ஆஸ்பத்திரியில் போடுகிற பாம்புக்கடி ஊசியைத் தயாரிக்கிறார்கள். நம் நாட்டில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்று 2020ல் வந்த ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள், வயலில் வேலை செய்கிறவர்கள், எங்களைப் போன்றவர்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் ஊசி இருந்து ஒரு பிள்ளை பிழைத்தது என்று கேள்விப்படும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும். அந்த ஊசிக்குள் எங்கள் வரப்பு மண் இருக்கிறது.

நான்காவது தடவை முடிந்ததும் வயிற்றுச் செதிலில் ஒரு சின்ன நறுக்கு, அடையாளத்துக்கு. பிறகு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவோம். பின்னொரு நாள் வேறு இடத்தில் பிடித்த பாம்பைத் திருப்பிப் பார்க்கும்போது அந்த நறுக்கு இருந்தால், அதே இடத்தில் இறக்கிவிட வேண்டும். ஒரு நாள் உழைப்பு போச்சு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஆறிப்போன நறுக்கோடு கொழுத்துத் திரிகிற ஒரு கண்ணாடி விரியனைப் பார்ப்பது, நான் பிடித்த முறை சரிதான் என்று அதுவே வந்து சொல்கிற மாதிரி.

தூரத்து ஊருக்குப் போனதில் என்னைப் புரட்டிப் போட்டது ஆகும்பே. கர்நாடகத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை மேல், வருஷத்துக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற இடம். 2005ல் அங்கே ஒரு மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 2008 முதல் ராஜநாகத்துக்கு ரேடியோக் கருவி பொருத்தி அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். மழைக்கு முந்தின கோடையில் உதவிக்காகப் போனேன். எங்கள் ஊரில் மணலும் களிமண்ணும் எழுதி வைத்திருப்பதைப் படித்துப் பழகிய கண்ணுக்கு, முழங்கால் அளவு ஈரச் சருகில் தடமே கிடையாது. அட்டை ஏறும். மேலே பார்ப்பதா, கீழே பார்ப்பதா என்று தெரியாது, ராஜநாகம் மரத்திலும் இருக்கும். இரண்டு நாளில் வேறு விதமாகப் பார்க்கப் பழகினேன். குருவிகள் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்துகின்றனவா, சருகு காற்று அடிக்கிற பக்கத்துக்கு எதிராகக் குவிந்திருக்கிறதா என்று. அப்படிக் குவிந்த ஒரு மேடுதான் கூடு. பாம்புகளில் கூடு கட்டி முட்டையிடுவது ராஜநாகம் மட்டும்தான். உடம்பை வளைத்து வளைத்துச் சருகைத் திரட்டி, உள்ளே முட்டையிட்டு, அதன் மேல் படுத்துக் காவல் காக்கும். குஞ்சு பொரிவதற்கு முன் எழுந்து போய்விடும். நாங்கள் தள்ளியிருந்தே பார்த்தோம், குறித்துக்கொண்டோம், திரும்பினோம். பையை அவிழ்க்கவே இல்லை. கண்டுபிடிக்கிற சந்தோஷம் பிடிக்கிற சந்தோஷத்துக்குக் குறைந்ததில்லை என்பது அங்கே தெரிந்தது. இதை எங்கள் ஆட்கள் சிலர் இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதைவிடத் தூரமான வேட்டைக்கு நான் போகவில்லை. எங்கள் ஜனத்தில் மாசி சடையன் அண்ணனும் வடிவேல் கோபால் அண்ணனும் போனார்கள். 2017 ஜனவரியில், அமெரிக்காவின் புளோரிடாவுக்கு. அங்கே பர்மிய மலைப்பாம்பு பெருகிவிட்டது. தென்கிழக்கு ஆசியாவின் பிராணி, வீட்டில் வளர்க்க விற்கப்பட்டு, காட்டுக்குள் தப்பியும் விடப்பட்டும் அங்கேயுள்ள சதுப்பு நிலத்தின் முயலையும் ரக்கூன் என்கிற சின்ன விலங்கையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. 2016ல் அதைப் பிடிக்கப் போட்டி வைத்தபோது ஏறத்தாழ 1,000 பேர் ஒரு மாதத்தில் 106 பாம்புகளைப் பிடித்தார்கள். இந்த இரண்டு பேரும் முதல் எட்டு நாளில் 13 பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தின் குழிக்குள் இருந்தது. மற்றவர்கள் கரைமேல் வண்டியில் போய்த் தேடியபோது, இவர்கள் புதருக்குள் இறங்கி நடந்தார்கள். எச்சத்தையும் தேய்ந்த வழியையும் பார்த்தார்கள். கண்டம் மாறினாலும் நடை மாறவில்லை. 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் குடியிருப்பில் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

ஆனால் அந்த மலைப்பாம்புகள் திரும்ப விடப்படவில்லை. விடவும் முடியாது, அங்கே அவை வந்தேறி. அவற்றைக் கொன்றுதான் ஆக வேண்டும், அந்த நிலத்தின் மற்ற உயிர்கள் பிழைக்க வேறு வழி இல்லை. அது சரி என்று எனக்குப் புரிகிறது. இருந்தாலும் நம் ஊரில் மலைப்பாம்பைத் தொட்டால் ஜெயில். அதன் சொந்தக்காரப் பாம்பை அங்கே அழிக்கிறார்கள். பாம்பின் பேரில் குற்றம் இல்லை. காசுக்காகக் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்கள் செய்தது அது. தோல் காலத்தை நினைக்கும்போதும் எனக்கு அதே எண்ணம்தான் வருகிறது. வாங்குகிற கை எங்கேயோ இருக்கும், பழி பிடிக்கிற கையின் மேல் விழும்.

எங்கள் பிழைப்பு இப்போதும் உறுதியானது இல்லை. அனுமதித் தாள் தாமதமான வருஷம் ஒன்றில் பானைகள் காலியாகக் கிடந்தன. நாங்கள் சித்தாள் வேலைக்குப் போனோம். அந்த நேரத்தில் ஊசிக்கு வேண்டிய நஞ்சு எங்கிருந்து வரும் என்று யோசிக்க வேண்டியவர்கள் யோசிக்கவில்லை. கேளம்பாக்கம், தையூர் பக்கம் நான் பையனாக நடந்த வயல்களில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிற எங்கள் பிள்ளைகள் படிக்கட்டும், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இந்த வேலையைப் படிப்புக்கு எதிரியாக்க வேண்டாம். சித்தப்பாவின் விரலுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை, பின்னால் நடந்தால்தான் வரும்.

இன்னொரு விஷயம் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. ஒரே இனப் பாம்பானாலும் இடத்துக்கு இடம் நஞ்சு மாறுகிறதாம். எங்கள் பக்கத்து நஞ்சில் செய்த ஊசி ராஜஸ்தான் கட்டுவிரியனுக்கும், படமெடுத்தால் பின்னால் ஒற்றை வட்டம் தெரிகிற வடகிழக்கின் ஒற்றைக்கண் நாகத்துக்கும் சரியாக வேலை செய்வதில்லை. அப்படியானால் அந்தந்த மாநிலத்திலேயே நஞ்சு சேகரிக்க வேண்டும், அங்கே இருக்கிற ஜனங்களுக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். கூப்பிட்டால் நான் வருகிறேன், சித்தப்பாவையும் கூட்டி வருகிறேன். பானை, மணல், துணி எல்லாம் அங்கேயே கிடைக்கும். எங்கள் பக்கத்திலிருந்து ஒரே நிபந்தனை: எடுத்த பாம்பை எடுத்த ஊரிலேயே திரும்ப விட வேண்டும், அதை வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும்.