‘கைண்ட் ஆஃப் ப்ளூ’: உங்கள் பிரதி சரியான சுருதியில் இருக்கிறதா?

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பம் பற்றி ஜாஸ் ரசிகர்கள் பேச ஆரம்பித்தால், எந்தப் பதிப்பு உசத்தி என்ற சண்டையில் போய் நிற்கும். 180 கிராம் வினைல், தங்க சி.டி., ஹை-ரெஸ் ஃபைல் என்று பட்டியல் நீளும். அதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: முதல் பக்கத்தின் சுருதி. 1959இல் ஆல்பம் வெளிவந்ததிலிருந்து 1990களின் தொடக்கம் வரை கடையில் கிடைத்த பிரதிகளில் முதல் பக்கத்தின் 3 பாட்டுகளும் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் சுருதி ஏறித்தான் ஒலித்தன. ஒரு தலைமுறையே ‘சோ வாட்’டை அப்படித்தான் கேட்டு, அப்படியே மனப்பாடம் செய்தது.

நடந்தது இதுதான். நியூயார்க்கில் கிழக்கு 30ஆம் தெருவில் கொலம்பியா நிறுவனத்துக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. பழைய தேவாலயக் கட்டிடம். ஆல்பம் அங்கே 2 நாளில் பதிவானது. 1959 மார்ச் 2 அன்று ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’, ‘சோ வாட்’, ‘ப்ளூ இன் க்ரீன்’. ஏப்ரல் 22 அன்று ‘ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்’, ‘ஆல் ப்ளூஸ்’. மார்ச்சில் வாசித்தது முழுக்க எல்.பி.யின் முதல் பக்கம், ஏப்ரலில் வாசித்தது முழுக்க இரண்டாம் பக்கம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பதிவின்போது 2 டேப் மெஷின்கள் சேர்ந்து ஓடின. ஒன்று பிரதான டேப்புக்கு, மற்றது பாதுகாப்புக்கான காப்பு டேப்புக்கு. மார்ச் 2 அன்று பிரதான மெஷின் மந்தமாக ஓடியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மந்தமாக ஓடிய டேப்பில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓடும் மெஷினில் போட்டால் பாட்டு விரையும், சுருதியும் கூடவே ஏறும். மிக்ஸிங் அந்த டேப்பிலிருந்தே நடந்ததால் பிசகு அப்படியே எல்.பி.க்குப் போய், அங்கிருந்து கேசட்டுக்கும் ஆரம்பகால சி.டி.க்கும் போனது. ஏப்ரலில் மெஷின் ஒழுங்காக ஓடியது. 1992இல் சோனி தங்க சி.டி. ஒன்றைத் தயாரித்தபோதுதான் காப்பு டேப் வெளியே எடுக்கப்பட்டது. அது சரியான வேகத்தில் இருந்தது. அடிக்கடி ஓட்டப்படாத டேப் என்பதால் தேய்மானமும் குறைவு.

எவ்வளவு பிசகு? கால் ஸ்வரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த எண்ணை நம்பி எதையும் திருத்த வேண்டாம். உங்கள் பிரதியை நீங்களே அளந்துவிடலாம், அதற்கு ஒரு சுருதிப்பெட்டி போதும். அரைக்கட்டைக்கு 100 சென்ட் என்பது கணக்கு. வேகம் 1 சதவீதம் மாறினால் சுருதி ஏறக்குறைய 17 சென்ட் நகரும்.

‘சோ வாட்’ 32 பார் (தாள அலகு) கொண்ட சுற்று. முதல் 16 பார் டி டோரியன், அடுத்த 8 பார் அரைக்கட்டை ஏறி ஈ-ஃப்ளாட் டோரியன், கடைசி 8 பார் மறுபடியும் டி. டோரியனின் ஸ்வர வரிசை நம் கரகரப்ரியாவுடையதுதான் (ஸ்வரங்கள் மட்டும், ராகத்தைத் தேடி ஏமாற வேண்டாம்). ஆக சுருதிப்பெட்டியை டி-க்குச் சமமான 2 கட்டையில், பஞ்சமத்தோடு வைத்தால் பாட்டின் முக்கால் பங்கு அதன்மேல் நிம்மதியாக உட்கார வேண்டும். நடுவில் வரும் 8 பாரில் உரசும். அது பாட்டின் அமைப்பு, பிசகு இல்லை.

மொபைல் ஆப் என்றால் முதலில் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். சிலர் 432இல் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பழைய எலக்ட்ரானிக் பெட்டி என்றால் ஃபைன் டியூனிங் குமிழ் எங்கே நிற்கிறது என்பதை நம்பாமல் ஒரு டியூனரில் சரிபாருங்கள். 2 கட்டை 146.83 ஹெர்ட்ஸ், அல்லது அதன் இரட்டிப்பு 293.66. பாட்டின் ஆரம்பத்தில் பியானோவும் பேஸும் தாளமில்லாமல் துழாவும் பகுதியை விட்டுவிடுங்கள். பால் சேம்பர்ஸின் பேஸ் கேள்வி கேட்க, பில் எவன்ஸின் பியானோ 2 கோர்டில் பதில் சொல்கிறதே, அங்கிருந்து தொடங்குங்கள். பழைய பிரதியில் அந்தப் பதில் சுருதிக்கு மேலே மிதக்கும். 2½ கட்டைக்கும் போய்ச் சேராது. ஆப்பில் 5 சென்ட் 5 சென்டாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். இரண்டு ஒலியும் உரசி எழும் அலையடிப்பு அடங்கும் இடத்தில் இருக்கும் எண்தான் உங்கள் பிரதியின் பிசகு. ஐந்தாறு சென்ட் வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம்.

ட்ரம்பெட்டையோ சாக்ஸபோனையோ வைத்து அளக்காதீர்கள். மைல்ஸும் கோல்ட்ரேனும் ஸ்வரத்தை வளைப்பார்கள், கேனன்பால் ஆடர்லி சொல்லவே வேண்டாம். ஒருமுறை ட்யூன் செய்தால் அப்படியே நிற்பது பியானோ மட்டும்தான். டியூனர் ஆப் கொண்டு அளப்பவர்களுக்கு ‘ப்ளூ இன் க்ரீன்’ தொடக்கத்தில் வரும் 4 பார் பியானோ வசதி. ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ பி-ஃப்ளாட் ப்ளூஸ், அதாவது 6½ கட்டை. அதில் பியானோ எவன்ஸ் இல்லை, விண்டன் கெல்லி. மொபைல் ஸ்பீக்கரில் பேஸின் அடிநாதமே வராது, ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்.பி.யில் கேட்பவர்களுக்கு உடனே வரும் சந்தேகம்: தப்பு இசைத்தட்டிலா, டர்ன்டேபிளிலா? அதற்குத்தான் இரண்டாம் பக்கம். ‘ஆல் ப்ளூஸ்’ ஜி-யில் இருக்கிறது. பெட்டியை 5 கட்டைக்கு மாற்றுங்கள். அது ஒத்துப்போய், முதல் பக்கம் மட்டும் ஏறியிருந்தால் குறை தட்டில்தான். இரண்டு பக்கமும் ஏறியிருந்தால் உங்கள் மோட்டாரைப் பாருங்கள். முதல் பக்கம் 40 சென்ட், இரண்டாம் பக்கம் 12 சென்ட் ஏற்றம் என்றால் தட்டின் பங்கு 28தான்.

மோட்டார் வேகத்தைப் பார்க்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். தட்டின் ஓரத்தில் சின்னத் துண்டு பேப்பர் ஒட்டி, ஊசியை இறக்கி ஓடவிட்டு, 100 சுற்று எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் 100 சுற்றுக்கு மிகச் சரியாக 180 நொடி. ஒரு நொடி முன்னே பின்னே போனால் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், சுருதியில் 10 சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஊசி இறங்காமல் எண்ணாதீர்கள், பெல்ட் தளர்ந்திருந்தால் உராய்வு சேர்ந்தால்தான் குட்டு வெளிப்படும். ஸ்ட்ரோப் அட்டை (விளக்கொளியில் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி என்று காட்டும் அட்டை) வைத்திருப்பவர்கள் 50 ஹெர்ட்ஸுக்கான 180 கோட்டு வளையத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்க அட்டையில் 216 கோடு இருக்கும், அது 60 ஹெர்ட்ஸுக்கு. நல்ல எல்.இ.டி. பல்பு மின்சார அலைக்கு ஏற்பத் துடிப்பதில்லை என்பதால் அதன் கீழே கோடுகள் நிற்கவே நிற்காது.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பழைய டர்ன்டேபிள் என்றால் இன்னொரு சிக்கல். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். சுருதி ஒன்றரைக் கட்டைக்கு மேல் இறங்கிவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸுக்கான மோட்டார் புல்லியைத் தேடிப் பிடிக்க வேண்டும். டி.சி. மோட்டார், டைரக்ட் டிரைவ் வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தட்டின் நடுத்துளை மையம் விலகியிருந்தால் டியூனர் முள் 1.8 நொடிக்கு ஒருமுறை மேலும் கீழும் ஆடும். 1 மில்லிமீட்டர் விலகல் தட்டின் வெளி ஓரத்தில் கூட்டியும் குறைத்தும் 12 சென்ட், லேபிளுக்கு அருகில் 29 சென்ட் வரை ஆட்டம் காட்டும். அந்த ஆட்டத்தின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ப்ளூ இன் க்ரீன்’ முதல் பக்கத்தின் கடைசியில், உள்வளையத்தில் இருப்பதால் இந்த ஆட்டம் அங்கேதான் அதிகம் கேட்கும். அதனால் எல்.பி.யில் அளப்பதற்கு ‘சோ வாட்’ பாதுகாப்பானது.

அளந்தாயிற்று, திருத்துவது எப்படி? வேகம் நகர்த்தும் ஸ்லைடர் உள்ள டர்ன்டேபிள் என்றால் 20 சென்டுக்கு 1.15, 30 சென்டுக்கு 1.7, 40 சென்டுக்கு 2.3, 50 சென்டுக்கு 2.85 சதவீதம் குறையுங்கள். தட்டைத் திருப்பும்போது ஸ்லைடரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறந்தால் ‘ஆல் ப்ளூஸ்’ தொங்கிப்போகும். கணினியில் ஏற்றிய ஃபைல் என்றால் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் சுருதியை மட்டும் மாற்றும் கட்டளை, டெம்போவை மட்டும் மாற்றும் கட்டளை இரண்டையும் தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்து நகர்த்தும் வேக மாற்றக் கட்டளைதான் வேண்டும், ஏனென்றால் மெஷின் செய்த தப்பு அந்த வகை. 30 சென்டுக்குப் பெருக்கல் எண் 0.983. மற்ற இரண்டும் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டும். ‘சோ வாட்’டில் ஒன்றரை நிமிடம் அளவில், மைல்ஸின் சோலோ தொடங்கும் இடத்தில், டிரம்மர் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒரு அடி கொடுத்து அதை அப்படியே கரையவிடுகிறார். தவறான கட்டளையால் திருத்திய ஃபைலில் அந்தக் கரைதல் சலசலவென்று நடுங்கும். சரியாகத் திருத்தியதில் வழுவழுவென்று தேயும்.

இந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு வழி சுலபம். 1997இல் கொலம்பியா லெகஸி வெளியிட்ட சி.டி.யோ அதன் வழி வந்தவையோ போதும். முதல் பக்கம் திருத்திய வேகத்தில் இருக்கும், ‘ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்’ இன்னொரு முறை முழுதாக வாசித்ததும் கூடவே வரும். ஸ்ட்ரீமிங்கில் ‘சோ வாட்’ 9:22, ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ 9:46, ‘ப்ளூ இன் க்ரீன்’ 5:37 என்று காட்டினால் பெரும்பாலும் திருத்தியதுதான். பழையது ஒவ்வொன்றும் சில நொடி குறைவாக இருக்கும். பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள மௌனம் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் நேரத்தை வைத்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம். ஐரோப்பாவில் 1959ஆம் வருடப் பதிவுகளுக்குக் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. மலிவு விலை எல்.பி.க்கள் அங்கிருந்து வண்டி வண்டியாக வருகின்றன. எதிலிருந்து நகலெடுத்தார்கள் என்று அட்டையில் இருக்காது. வாங்கினால் முதல் வேலை 2 கட்டை சோதனை.

1959ஆம் வருட முதல் அச்சு, லேபிளில் 6 கண் சின்னம் போட்டது, ஸ்டீரியோவில் சி.எஸ். 8163 எண், பெரிய விலைக்குப் போகிறது. ஆரம்ப அச்சுகளில் இரண்டாம் பக்கத்துப் பாட்டுகளின் பெயர்கள் இடம் மாறியிருக்கும், ஆடர்லியின் பெயரிலும் எழுத்துப்பிழை உண்டு. சேகரிப்பவர்களுக்கு அதெல்லாம் அடையாளம். கேட்பதற்கு என்றால் என் அபிப்பிராயம் இதுதான்: அந்தக் காசு இரண்டாம் பக்கத்துக்கு மட்டும்தான் தகும். வேகமான முதல் பக்கமே துடிப்பாக இருக்கிறது என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். பழகிய காது அப்படித்தான் சொல்லும். திருத்திய பிரதியில் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸபோன் ஒரு சுற்றுக் கனமாகக் கேட்பதை அவர்களும் மறுக்க மாட்டார்கள்.

இதே கோளாறு ஜாஸ் ஆவணப்படங்களிலும் உண்டு, காரணம்தான் வேறு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். பால் (PAL) முறை டி.வி.டி.யில் 25. படத்தை அப்படியே 25இல் ஓட்டினால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் வேகம், 70 சென்ட் ஏற்றம். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பிசகைவிட இது பெரிது. 1958 நியூபோர்ட் விழாவில் பெர்ட் ஸ்டெர்ன் எடுத்த ‘ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே’ 85 நிமிடப் படம். உங்கள் டிஸ்க்கில் 82 நிமிடத்துக்குள் முடிந்தால் சந்தேகப்படுங்கள். அதில் தெலோனியஸ் மங்க் ‘ப்ளூ மங்க்’ வாசிக்கிறார். அது பி-ஃப்ளாட், 6½ கட்டை. டிஸ்க்கில் அது 7 கட்டையை நெருங்கினால் சந்தேகமே வேண்டாம். சில டிஸ்க்குகளில் வேகத்தை ஏற்றிவிட்டுச் சுருதியை மட்டும் கீழே இழுத்து வைத்திருப்பார்கள். அப்போது சுருதி ஒத்துப்போகும், ஆனால் நேரம் குறைவாகவே இருக்கும். ப்ளூ-ரே பெரும்பாலும் 24 ஃபிரேமிலேயே ஓடும், அதில் இந்தக் கவலை இல்லை.

டெம்போ மட்டும் வேறாக இருந்தால் மெஷினைக் குறை சொல்லாதீர்கள். 1959 ஏப்ரல் 2 அன்று, ஆல்பத்தின் 2 அமர்வுகளுக்கு நடுவே, மைல்ஸ் குழு ராபர்ட் ஹெரிட்ஜின் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ‘சோ வாட்’ வாசித்தது. கேனன்பால் அன்று இல்லை, பியானோவில் கெல்லி. ஆல்பத்தைவிட நன்றாகவே விரட்டி வாசித்திருக்கிறார்கள். அது வாசித்தவர்கள் எடுத்த முடிவு.

78 சுழற்சித் தட்டுகளில் 78 என்பதே உத்தேசம்தான். 60 ஹெர்ட்ஸ் நாட்டில் அது 78.26, 50 ஹெர்ட்ஸ் நாட்டில் 77.92. பழைய காலத்தில் 76, 80 என்றும் பதிந்திருக்கிறார்கள். 80இல் பதிந்ததை 78.26இல் ஓட்டினால் 38 சென்ட் இறங்கும், 76இல் பதிந்தது 51 சென்ட் ஏறும். இங்கே கைகொடுப்பது வாத்திய அறிவு. கார்னெட், ட்ரம்பெட், கிளாரினெட்காரர்களுக்கு எஃப், பி-ஃப்ளாட், ஈ-ஃப்ளாட் கைக்கு இயல்பாக வரும் சுருதிகள். ஒரு நியூ ஆர்லியன்ஸ் குழுவின் தட்டு பி-யிலோ ஈ-யிலோ ஒலித்தால் முதல் சந்தேகம் வேகத்தின் மேல்தான் இருக்க வேண்டும். லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் பதிந்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ ஈ-ஃப்ளாட், 2½ கட்டை. தொடக்கத்தில் தனியாக ஊதும் பகுதியில் அளக்க வேண்டாம், ஏர்ல் ஹைன்ஸின் பியானோ சோலோ வரும்வரை பொறுத்திருந்து பெட்டியைப் போடுங்கள்.